ஆளுக்கு ஒரு நாள்

விடிந்து எழுந்தபோது சௌந்தரத்தால் கொண்டை போட முடியவில்லை. வலது கையை நெஞ்சுக்கு மேலே தூக்கினால் தோள்பட்டைக்குள் யாரோ உளி வைத்து அடிப்பதுபோல் இருந்தது. இடது கையால் மயிரைச் சுருட்டி, கயிற்றைப் பல்லால் கடித்து ஒரு மாதிரி முடிந்துகொண்டாள். உள்ளங்கையில் நாலு கொப்புளம். இரண்டு உடைந்து, சுண்ணாம்பு ஏறி வெந்திருந்தது. அடுப்பு மூட்டக் குந்தப் போனவள் முழங்கால் மடங்காமல் சுவரைப் பிடித்து நின்றாள்.

"எண்ண தேச்சி விடட்டுமா புள்ள?" என்றான் நல்லசிவம். பாயில் கிடந்தபடியே கேட்டான். அவனாலும் எழுந்திருக்க முடியவில்லை.

"எனக்குத் தேச்சி என்னா பண்ண? முந்தாநாளு ஒங்க வாயில தேச்சி விட்டிருக்கணும். வழுக்கிக்கிட்டு உள்ளயே போயிருக்கும் அந்தப் பேச்சு."

"ஆமா. எல்லாம் என் வாய்தான். நீ சிரிக்கல?"

சௌந்தரம் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று அவளும்தான் சிரித்தாள்.

நல்லசிவம் காரைக்கால் கொத்தனார். சைகோனுக்குக் கப்பலேறி ஆறு வருஷம் ஆகிறது. அதில் ஐந்தரை வருஷம் ரொபேரிடம் கூலி. ரொபேர் புதுச்சேரித் தமிழர்தான், அந்த வெயிலிலும் கோட்டு, கோட்டின்மேல் கடிகாரச் சங்கிலி, பிரெஞ்சுத் துரைமார் கட்டும் கட்டடத்தில் பாதி அவர் கையில். போன தையில்தான் நல்லசிவம் அவரை விட்டு வெளியே வந்து, அப்துல் முத்தலிப் மரைக்காயரின் துணிக்கடைக்குத் தளம் போடும் வேலையைத் தானே பேசி எடுத்தான். சந்தையைச் சுற்றி எல்லாக் கட்டடத்துக்கும் ஓட்டுக் கூரைதான். மரைக்காயருக்கு மட்டும் ஊரில் உள்ளது மாதிரி மொட்டை மாடி வேண்டும். "சாயங்காலம் அஸர் தொழுதுட்டு ஏறி நின்னு காத்து வாங்க எடமில்லாம அது என்னா வூடு?" என்பார். தளம் ஒழுகாமல் நின்றால் நல்லசிவத்தை நம்பி நாலு பேர் வேலை கொடுப்பார்கள். ஒழுகினால் மறுபடி ரொபேர் வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அந்தத் தளம் கல்லும் மண்ணும் போட்டு மூடிவிடுகிற வேலை இல்லை. தேக்குச் சட்டத்தின்மேல் செங்கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்திக் கட்டி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து முக்கால் சாண் கனத்துக்குப் பரப்பி, கட்டையால் அடிக்க வேண்டும். எட்டு நாள், பத்து நாள், விடாமல். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாகக் குந்தி, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை அடித்துக்கொண்டே போய்த் திரும்ப வேண்டும். ஓங்கி அடித்தால் ஜல்லி நொறுங்கும். தடவிக் கொடுத்தால் இறுகாது. எல்லாக் கையும் ஒரே கனத்தில் விழ வேண்டும். கட்டை எகிறிக் கையைத் திருப்பித் தள்ளுகிற நாளில் வேலை முடிந்தது. நடுவில் நாலு நாள் விட்டால் மேலே பொருக்குக் கட்டும், உள்ளே பச்சையாகக் கிடக்கும். அதன்மேல் மழை விழுந்தால் சுண்ணாம்பு பாலாகக் கரைந்து சாக்கடையில் ஓடும்.

கடுக்காய் பக்கத்து ஊரான சோலோனில் சீனர் மருந்துக் கடையில் கிடைத்தது. வெல்லத்துக்குப் பதில் பனஞ்சர்க்கரை கிடைத்தது. ஆள்தான் கிடைக்கவில்லை. ஒரு மாதம் அலைந்து, கடைசியில் சௌந்தரம்தான் கண்டுபிடித்தாள். துறைமுகத்தை ஒட்டிய கான் ஹொய் கரையில் கிளிஞ்சல் சுண்ணாம்பு ஏற்றிவந்த படகிலிருந்து அந்த நாட்டுக்காரர்களான அன்னாமிப் பெண்கள் பன்னிரண்டு பேர் கூடையைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு கூடை முந்தவில்லை, ஒரு கூடை பிந்தவில்லை. முன்னால் நின்றவள் ஒரு அடி பாட, மற்றவர்கள் அதை வாங்கிப் பாட, கூடை அதன்போக்கில் போனது. சௌந்தரத்தின் அம்மா காரைக்காலில் தளம் அடித்தவள். அந்தக் கைகளைப் பார்த்ததும் சௌந்தரத்துக்கு வேறு யோசனை இல்லை. முன்னால் நின்றவள் பெயர் ஊத். அங்கே வீட்டில் பிறந்த வரிசையே பெயர்; ஊத் என்றால் கடைக்குட்டி. நாற்பது வயது, வெற்றிலைக் காவி ஏறிய பல், ஆளை நேராகப் பார்க்கும் கண். நாலே நாளில் கட்டை பிடிக்கப் பழகிவிட்டாள். ஐந்தாம் நாள் மற்றவர்களின் கையை அவளே திருத்தினாள்.

அடி தொடங்கி ஐந்து நாள் ஒழுங்காகப் போனது. ஐந்தாம் நாள் சாயங்காலம் ஊத் நல்லசிவத்தின் முன்னால் வந்து நின்றாள். நாளைக்கும் மறுநாளும் வர முடியாது என்றாள். அவள் அப்பா செத்த நாள் வருகிறது. ஒருநாள் சமைக்க, ஒருநாள் படைக்க. சந்தையில் பொறுக்கிய அன்னாமி பாஷையில் நல்லசிவத்துக்கு அவ்வளவு புரிந்தது.

"ஒனக்கு அண்ணன் தம்பி யாரும் இல்லையா?" என்றான்.

"மூணு பேர் இருக்காங்க."

நல்லசிவம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். "மூணு ஆம்புள இருக்கானுவ, பொம்புள திதி குடுக்கப் போறாளாம்! சௌந்தரம், கேட்டியா கூத்த? கட்டை பழகுறப்பவே தாத்தனுக்குன்னு ஒரு நாளு நின்னா. ஏம்மா, வேல செய்ய உடம்பு வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு. செத்துப்போன கெழவன ஏன் இழுக்குற?"

இழுக்குற என்பதுவரை அன்னாமி பாஷையிலும் சொல்லித் தொலைத்தான். சௌந்தரமும் சிரித்தாள். அவளுக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஊரில் மகள் அப்பனுக்குத் திதி கொடுத்து அவள் பார்த்ததில்லை.

ஊத் திரும்பிப் போய்த் தன் கட்டையைத் தொட்டித் தண்ணீரில் கழுவினாள். சுண்ணாம்பு போகத் தேய்த்துக் கழுவி, சுவரோரம் சாய்த்து வைத்தாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக வந்து கழுவி வைத்தார்கள். பன்னிரண்டு கட்டையும் வரிசையாக நின்றன. படியிறங்கிப் போய்விட்டார்கள். கோபத்தில் போகிறவள் கட்டையை வீசிவிட்டுப் போவாள். சாயங்காலம் தணிந்து மறுநாள் வருவாள். கழுவி அடுக்கிவிட்டுப் போகிறவள் திரும்பி வர மாட்டாள் என்று சௌந்தரத்துக்கு அப்போதே தெரிந்துபோனது.

மறுநாள், அதாவது நேற்று, நல்லசிவம் துறைமுகத்துக்குப் போய் எட்டு மூட்டைக் கூலிகளைப் பிடித்து வந்தான். மலைமாதிரி ஆட்கள். நெல் குத்துவதுபோல் குத்தினார்கள். "மெல்ல, மெல்ல" என்று நல்லசிவம் ஒவ்வொருத்தன் கையாகப் பிடித்துத் திரிந்தான். முதல் வரிசை முடிவதற்குள் ஜல்லி மாவாகிவிட்டது. பத்து மணிக்குக் கப்பல் ஊதியது. எட்டுப் பேரும் கட்டையைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு ஓடினார்கள். அங்கே மூட்டைக்குக் கூலி.

அதன்பிறகு புருஷனும் பெண்டாட்டியும் இரண்டே பேர், இருட்டும்வரை அடித்தார்கள். மத்தியானம் ரொபேர் வந்தார். குடையை ஊன்றிக்கொண்டு, தளத்தில் கால் வைக்காமல் படியிலேயே நின்றார்.

"போழூர் நல்லசிவம்," என்று பிரெஞ்சில் வணக்கம் வைத்தார். "குடும்பமே வேலை செய்யுது, நல்லா இருக்கு."

"வாங்க முசியே."

"ஆள் பிடிக்கிறது ஒரு தொழில் தம்பி, ஆளை வச்சிருக்கிறது வேற தொழில். உனக்கு ரெண்டும் வராது. கையிருக்கு, இல்லேங்கல. இந்த வேலையை அப்படியே என்கிட்ட மாத்திக் கொடு. ஓடு போட்டு மூடி மரைக்காயரை நான் சமாதானம் பண்ணிக்கிறேன். நீ மேஸ்திரியா வந்துடு."

"யோசிச்சி சொல்றேன் முசியே."

"மேல பாத்து யோசி," என்று குடை நுனியால் வானத்தைக் காட்டிவிட்டு இறங்கிப் போனார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கருத்துக்கொண்டிருந்தது.

இதெல்லாம் நேற்று. இன்று காலை சௌந்தரம் பழைய சோற்றில் நீர் ஊற்றிப் புருஷனுக்கு வைத்துவிட்டு, வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், இரண்டு தேங்காய் எடுத்துத் துணியில் முடிந்தாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"ஊத்தக்கா வூட்டுக்கு."

"கால்ல வுழவா? கூலிக்காரி வூட்டுக்கு நாம போயி நின்னா, நாளைக்கி தலையில ஏறி ஒக்காருவாளுவ."

"ஒக்காரட்டும். ஒங்க தலை இப்ப என்னத்தச் சொமக்குது? நீங்க போயி தண்ணி தெளிச்சி சாக்கப் போட்டு மூடி வைங்க. காய வுடாதீங்க. இருக்குற கையால நாலு தட்டு தட்டுங்க."

கப்பல் வந்தால் திரும்பி வழிவிடும் இரும்புப் பாலத்தைத் தாண்டி, கிடங்குகளின் பின்பக்கம் சேற்றில் பலகை போட்ட சந்துக்குள் நுழைந்தாள். ஊத்தின் வீடு வாய்க்கால்மேல் கால் ஊன்றி நின்ற ஓலை வீடு. முற்றத்தில் ஏழெட்டு அடுப்பு. பெண்கள் மீன் செதிள் சீவிக்கொண்டிருந்தார்கள், கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். தளம் அடித்த பன்னிரண்டு பேரும் அங்கே இருந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வேறு. சௌந்தரத்தைப் பார்த்ததும் கத்தி, கை எல்லாம் நின்றது. ஊத்தின் அண்ணன்கள் மூவரும் மூலையில் குந்திச் சுருட்டுப் பிடித்தபடி அவளைப் பார்த்தார்கள்.

சௌந்தரம் முடிப்பை ஊத்தின் முன்னால் வைத்தாள். ஒரு தேங்காய்க் குவியலும் துருவியும் சும்மா கிடந்தன. சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு அதில் போய் உட்கார்ந்தாள். வலது கை எழும்பவில்லை. இடது கையால் துருவினாள்.

கொஞ்ச நேரத்தில் கத்திகள் மறுபடி ஓடின. பதினாறு தேங்காய். பிறகு தண்ணீர் சுமந்தாள். பிறகு மீன் குழம்புச் சட்டிக்குக் காவல் இருந்தாள். ஒரு பையன் ஓடிவந்து சட்டிக்குள் விரல் விடப் போனபோது சௌந்தரம் அவன் மணிக்கட்டில் பட்டென்று ஒன்று வைத்தாள்.

"படைக்கிறதுக்கு முன்னால வாய் வைக்கக் கூடாது," என்றாள்.

ஊத் திரும்பிப் பார்த்தாள். "உங்க ஊர்லயும் அப்படியா?"

"அப்படித்தான்."

"உன் அப்பா செத்தது எந்த நாள்?"

சௌந்தரம் யோசித்தாள். மாசி என்று நினைவிருந்தது. வளர்பிறையா தேய்பிறையா தெரியவில்லை. "அண்ணனுக்குத் தெரியும்," என்றாள்.

"அண்ணன் செய்றானா?"

"தெரியல."

ஊத் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்க பக்கம் கடைசிப் பிள்ளைதான் அப்பா அம்மாவை வச்சுக் காப்பாத்தும். வீடு அதுக்கு, படையலும் அதுக்கு. ஆணா இருந்தா என்ன, பெண்ணா இருந்தா என்ன? அவங்க மூணு பேரும் விருந்தாளிங்க. நான் சமைக்கலேன்னா எங்க அப்பன் இன்னிக்குப் பட்டினி. உன் புருஷன் நான் பொய் சொல்றேன்னு சொன்னான். அது போகட்டும். எங்க அப்பனைச் சாக்குன்னு சொன்னான். அது போகாது."

"நானும் சிரிச்சேன்," என்றாள் சௌந்தரம்.

"பார்த்தேன்."

"தப்பு. எனக்குத் தெரியாது. எங்க ஊர்ல பொம்புளைக்கி அந்த வேலை இல்ல. அதனாலதான் தெரியல."

"நீ வந்துட்ட. தேங்காய் துருவிட்ட. அவன் வரட்டும். எங்க அப்பன்கிட்டச் சொல்லட்டும்."

சௌந்தரம் ஒரு ஆளை அனுப்பினாள். உச்சி வெயிலில் நல்லசிவம் வந்தான். வேட்டியெல்லாம் சுண்ணாம்பு, முகம் கடுகடுவென்று. ஊர்வதுபோல் பலகையில் நடந்து வந்தவனைப் பெண்கள் பிரிந்து வழிவிட்டார்கள். உள்ளே உயரமான மேசையில் பெயர் எழுதிய பலகை, அதன் முன்னால் சோறும் மீனும் பன்றி இறைச்சியும், ஆவி பறக்க. ஊத் கொளுத்திய ஊதுபத்தி மூன்றை அவன் கையில் கொடுத்தாள். அவர்கள் நின்றபடி மூன்று முறை குனிவார்கள். அது அவனுக்குத் தெரியாது. ஊதுபத்தியை மண்சட்டியில் குத்தினான். மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். கோயிலில் விழுவதுபோல் நெடுஞ்சாண்கிடையாக அந்தப் பலகைத் தரையில் விழுந்தான்.

அண்ணன் ஒருவன் வாயிலிருந்து சுருட்டை எடுத்தான்.

"பெரியவரே," என்றான் நல்லசிவம், மூக்கைத் தரையில் வைத்தபடி, தமிழில். "ஒங்க மவ அடிக்கிற மாரி ஒரு கை நான் பாத்ததில்ல. நாந்தான் வாய வச்சிக்கிட்டு சும்மா இல்லாம பேசிட்டேன். மனசுல வச்சிக்காதீங்க."

என்ன சொன்னான் என்று ஒருவருக்கும் புரியவில்லை. சௌந்தரம் எடுத்துச் சொன்னாள். முதலில் ஒரு கிழவி சிரித்தாள். பிறகு வீடே சிரித்தது. எழுந்திருக்கப் போனவன் இடுப்புப் பிடித்துப் பாதியில் நின்றான். அண்ணன்கள் இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். அதற்கும் சிரித்தார்கள். இலையில் சோறு போட்டார்கள். நல்லசிவம் பன்றியைத் தள்ளிவிட்டு மீனை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான்.

சாப்பிட்டு முடித்ததும் ஊத் பேசினாள். "ரெண்டு நாள் போச்சு. பன்னிரண்டு பேர் போதாது. இதோ இருக்காங்க பாரு, எங்க தெருப் பெண்கள் ஏழு பேர். அவங்களும் வருவாங்க."

"வரட்டும், வரட்டும். ஒங்களுக்கு உள்ள கூலிய அவங்களுக்கும் குடுத்துடுறேன்," என்றான் நல்லசிவம்.

"அவங்களுக்குக் கூலி கிடையாது. நடவுக்கு ஆள் பத்தாட்டிப் பக்கத்து வீட்டுக்காரி வந்து நடுவா. அப்புறம் அவ வேலைக்கு நீ போகணும். ஆளுக்கு ஒரு நாள்."

"எதுக்கு அந்தத் தொல்ல? காச வாங்கிட்டுப் போவட்டுமே."

"காசுக்கு வர்றவ, நாளைக்கு வேற ஒருத்தன் ரெண்டு காசு கூடக் கொடுத்தா அங்க போவா. உனக்கு மூட்டைக்காரங்க வேணுமா, நாங்க வேணுமா?"

நல்லசிவம் பெண்டாட்டியைப் பார்த்தான். "நான் போறேன்," என்றாள் சௌந்தரம். "ஏழு வீட்டுக்கும் ஏழு நாளு. என்னா வேலைன்னாலும்."

மறுநாள் விடிவதற்கு முன்னே பத்தொன்பது பேர் படியேறினார்கள். மூட்டைக்காரர்கள் நொறுக்கிய வரிசையை ஊத் சுரண்டி எடுக்கச் சொன்னாள். நல்லசிவம் புது ஜல்லி போட்டான். பொருக்கு விட்ட இடத்தையெல்லாம் கீறிச் சுண்ணாம்புப் பால் ஊற்றினான். பிறகு பத்தொன்பது கட்டை ஒன்றாக விழுந்தது. ஊத் ஒரு அடி எடுத்தாள்; பதினெட்டுப் பேர் வாங்கினார்கள். கீழே சந்தைக்குப் போனவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். மத்தியானம் சோறு தின்றதும் பெண்கள் நிழலில் வரிசையாகப் படுத்துத் தூங்கினார்கள். நல்லசிவத்துக்கு உள்ளுக்குள் அரித்தது. வானத்தைப் பார்த்தான், தூங்குகிறவர்களைப் பார்த்தான், வாயைத் திறந்தான். சௌந்தரம் ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டு அவனும் ஒரு ஓரத்தில் படுத்தான். எழுந்த பிறகு விழுந்த அடி காலையில் விழுந்ததைவிட நன்றாக இருந்ததை அவனே கண்டான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மழை வந்தது. சும்மா வரவில்லை, வானத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது. ஊத் முந்தைய நாளே ஆற்றோரம் வளரும் ஓலையால் முடைந்த தட்டிகளைக் கொண்டுவந்து அடுக்கியிருந்தாள். மூங்கில் நட்டுத் தட்டி போட்டார்கள். காற்று ஒரு மூலையைத் தூக்கியது. ஊத் போய் அந்த மூங்கிலைக் கட்டிக்கொண்டு நின்றாள். சௌந்தரம் அடுத்ததைக் கட்டிக்கொண்டாள். நல்லசிவம் விளிம்பில் ஓடிவந்த தண்ணீருக்கு மண் அணைத்துக்கொண்டு குப்புறக் கிடந்தான். மற்றவர்கள் தட்டிக்கு அடியில் குந்தி அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தி பாடினாள், இடியில் அது கேட்கவில்லை, கட்டை மட்டும் தப்பவில்லை.

ஆறாம் நாள் காலை ஊத்தின் கட்டை எகிறியது. டங்! அவள் நிறுத்தி, மறுபடி போட்டாள். டங்! இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை பத்தொன்பது கட்டையும் எகிறின. நல்லசிவம் முட்டிபோட்டு உள்ளங்கையால் தளத்தைத் தடவினான். பிறகு எழுந்துபோய்ப் பின்பக்கம் திரும்பிக்கொண்டு நின்றான்.

அப்துல் முத்தலிப் மரைக்காயர் வாய்ப்பேச்சை நம்புகிறவர் இல்லை. தளம் ஆறிக் காயப் பத்து நாள் விட்டு, தண்ணீர் போகும் துவாரத்தைக் களிமண்ணால் அடைத்து, கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நிரப்பச் சொன்னார். கீழ்த்தளத்தில் கடையிலிருந்து வெள்ளை மல் துணியைப் பீசு பீசாக எடுத்துத் தரை முழுக்க விரித்தார். "மூணு நாளு கெடக்கட்டும். ஒரு சொட்டு வுழுந்தாலும் துணி சொல்லிப்புடும்," என்றார். அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அந்த மூன்று நாளும் நல்லசிவம் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் கதவைத் திறந்தபோது ரொபேரும் வந்திருந்தார். மரைக்காயர் செருப்பைக் கழற்றிவிட்டுத் துணியில் ஏறி நடந்தார். குனிந்து குனிந்து பார்த்தார். ஓரிடத்தில் நின்றார்.

"கொத்தனாரே, இஞ்ச வாரும். என்னா இது?"

கடுகளவு ஒரு கறை. நல்லசிவம் முட்டிபோட்டுக் குனிந்தான். மரைக்காயர் நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தார்.

"பல்லி!" என்றார். "பல்லி எச்சம்! அல்லாவே, பல்லிக்கி இத வுட்டா வேற எடம் இல்ல!" வயிறு குலுங்கச் சிரித்தார். "துணி போட்டது போட்டபடி கெடக்குதுய்யா. சோலோன்ல என் மச்சான் கடை கட்டுறாரு. அந்தத் தளமும் ஒமக்குத்தான். ஆளு இதே ஆளுதானே?"

"இதே ஆளுதான்," என்றான் நல்லசிவம்.

ரொபேர் வெளியே போய் ஊத்தைப் பிடித்தார். அவர் தரும் கூலியைச் சொன்னார். இவன் கொடுப்பதைப்போல் ஒன்றரை மடங்கு. ஊத் வெற்றிலையை மென்று துப்பிவிட்டுக் கேட்டாள்: "எங்க அப்பன் செத்த நாள் எது, சொல்லு?"

ரொபேருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "எனக்கு எப்படித் தெரியும்?"

"அந்த ஆளுக்குத் தெரியும்."

அது நிஜம். பிறகு சோலோன் வேலை தொடங்கியதும், சுண்ணாம்புத் தொட்டிக்கு மேலே சுவரில், நல்லசிவம் கரித்துண்டால் தமிழில் எழுதியே வைத்துவிட்டான். பன்னிரண்டு பேருடைய அப்பன், ஆத்தாள், தாத்தன், மாமியார் செத்த நாள் எல்லாம். அவர்களும் பிறையைப் பார்த்துத்தான் நாள் எண்ணுகிறார்கள். அவர்களுடைய ஐந்தாம் நாள் நமக்கு வளர்பிறைப் பஞ்சமி என்று கண்டுபிடித்ததில் அவனுக்கு ஒரே பெருமை. யார் நிற்கிற நாளில் யார் வருவது என்று ஊத்தே ஆள் பிரித்துவிட்டாள். அந்த வருஷம் முழுக்க ஒரு கட்டைகூடச் சும்மா சாய்ந்து கிடக்கவில்லை. ரொபேரின் மேஸ்திரிகள் துறைமுகத்தில் காலையிலும் மாலையிலும் ஆள் தேடிக்கொண்டு நின்றார்கள்.

சௌந்தரம் ஏழு வீட்டுக்கும் தர வேண்டிய நாட்களைக் கழிக்கத் தொடங்கினாள். முதல் வீட்டில் ஆற்று ஓலை வேய்ந்தாள். இரண்டாவது வீட்டில் நெல் குத்தினாள். மூன்றாவது வீட்டில் வாய்க்கால் சேற்றை அள்ளிக் கரை கட்டும்போது இடுப்புவரை இறங்கி நின்றாள். கரையிலிருந்த பெண்கள் "முதலாளியம்மா, அட்டை, அட்டை" என்று கத்திச் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே ஒரு கை சேற்றை அவர்கள்மேல் எறிந்தாள்.

நல்லசிவம் ஒருநாள் கேட்டான்: "போதும் புள்ள. இப்பதான் கையில நாலு காசு பொரளுதே. மிச்சத்துக்குக் கூலிக்கி ஒரு ஆள வச்சி அனுப்பிப்புடலாமா?"

"ஆள அனுப்புறதா இருந்தா அன்னிக்கே காசு வாங்கியிருப்பாளுவ," என்றாள். "ஒடம்பால வாங்குனது. ஒடம்பாலதான் குடுக்கணும்."

ஏழில் மூன்று முடிந்தது. சந்துக் கடைசியில் இருக்கும் கிழவிக்கு ஒரு நாள், பாய் முடைகிறவளுக்கு ஒரு நாள், படகுக்காரன் பெண்டாட்டிக்கு ஒரு நாள், ஊத்தின் நாத்தனாருக்கு ஒரு நாள். நாலு நாள் உடம்பு வேலை சௌந்தரம் இன்னும் கொடுக்க வேண்டும்.